ஐந்தாம் லைன் பிடியரிசி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரின்சியின் வலது கை அவள் பேச்சைக் கேட்காது. கட்டைவிரலில் தொடங்கி நடுவிரல் வரைக்கும் ஒரு மதமதப்பு ஏறும். அப்புறம் விரல் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும். அவள் வேலையோ முழுக்க முழுக்க விரல் வேலை. மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்குப் போகிற ஒயர்களை ஒவ்வொன்றாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் சொருக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கம்பெனியில் அத்தனை மெஷினும் போடுகிற இரைச்சலில் அதைக் காதால் எங்கே கேட்பது? விரல்தான் கேட்க வேண்டும். விரல் செத்துக் கிடந்தால் யாரைப் போய்க் கேட்பது?

ஆனாலும் பிரின்சி பதறமாட்டாள். மேசைக்கு அடியில் இருக்கும் நீலப் பெட்டியைக் காலால் மெல்லத் தன் பக்கம் இழுப்பாள். குனிந்து, காலையிலேயே முடித்துவைத்த கனெக்டர்களை ஒரு கை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். மணிக்கு ஒரு தரம் சூப்பர்வைசர் வந்து தட்டை எண்ணிவிட்டு, சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் அவள் பெயருக்கு நேரே பச்சை மார்க்கரால் எழுதிவிட்டுப் போவார். குறைந்தால் சிவப்பு. பெர்மனெண்ட் ஆள்களுக்குச் சிவப்பு என்றால் ஒரு திட்டோடு போகும். கான்ட்ராக்ட் ஆள்களுக்கு அப்படி இல்லை. சிவப்பு சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் காலையில் கேட்டில் கார்டைத் தேய்க்கும்போது கதவு திறக்காது. அவ்வளவுதான் செய்தி. பிரின்சி இருக்கும் ஐந்தாம் லைனில் அத்தனை பேரும் கான்ட்ராக்ட்.

அந்த நீலப் பெட்டிக்குப் 'பிடியரிசி' என்று பேர் வைத்தது பிரின்சிதான்.

அவள் ஊரான கவரைப்பேட்டையில், அவள் போகிற சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய், சர்ச் வாசலில் இருக்கும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். எந்த வீட்டில் அந்த வாரம் உலை ஏறவில்லையோ அந்த வீட்டுக்கு அது போகும். கொட்டியது யார், வாங்கியது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எல்லோரும் கொட்டி முடிக்கிற வரைக்கும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது பிரின்சியின் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள்தான் பிடிக்கிறாள்.

கம்பெனியில் அவள் செய்ததும் இதேதான். காலையில் வந்ததும் எல்லோருக்கும் கை நன்றாக ஓடும். உடம்பில் அலுப்பு இருக்காது, மனசில் வீட்டு நினைப்பு கிளம்பியிருக்காது. டார்கெட்டை எட்டிய பிறகும் கையில் தெம்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் முடித்ததைப் பலகைக்குக் காட்டாமல் பெட்டியில் போட வேண்டும். மாத விலக்கு வந்து இடுப்பு ஒடிகிறவள், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்தவள், யாராக இருந்தாலும் முடியாத மணி நேரத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏன் எடுத்தாய் என்று கேட்கக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான். அந்தப் பழக்கம் வந்ததிலிருந்து ஐந்தாம் லைனில் சிவப்பு மையே காணோம். மற்ற லைன்காரர்கள் அவர்களை ஏதோ மந்திரம் போட்டவர்களைப் போலப் பார்ப்பார்கள்.

"நான் சர்ச்சுக்கும் போறதில்ல, கோயிலுக்கும் போறதில்ல. எனக்கு இந்தப் பொட்டிதான் சாமி" என்பாள் முத்தம்மா. ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள். வாயைத் திறந்தால் லைன் முழுக்கச் சிரிக்கும்.

இப்போது அந்தச் சாமியிடம் அதிகம் போவது இரண்டு பேர். ஒருத்தி பிரின்சி. இன்னொருத்தி பழவேற்காட்டு ஹஸ்னா. ஹஸ்னா மாசமாக இருந்தாள். கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்தால் வைத்திருக்கமாட்டார்கள். தளர்வாக ஓவர்கோட் போட்டுக்கொண்டு, வாந்தி வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் யாராவது ஒருத்தி பெட்டியிலிருந்து அள்ளி அவள் தட்டை நிரப்பியிருப்பாள்.

ஜெனிபரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பிரின்சி இருக்கும் அதே தெரு, அதே சர்ச். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, கைப்பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்தவள். டிப்ளமா படித்திருந்தும் வேலை ஒன்றும் அமையாமல் அழுதுகொண்டிருந்தவளைப் பிரின்சிதான் கான்ட்ராக்டரிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டாள். வந்த புதிதில் ஜெனிபருக்குக் கை ஓடவே இல்லை. பாத்ரூமில் போய் அழுவாள். அந்த முதல் மாதம் முழுக்க அவளுக்குப் பச்சை மை வாங்கிக் கொடுத்தது நீலப் பெட்டி. அப்புறம் வேலையில் தேறி, லைனிலேயே வேகமான ஆள் ஆகிவிட்டாள். பஸ்ஸில் பிரின்சிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை சாக்கில் அரிசி கொட்டும்போது, "பாத்துக்கோ, தலைக்கு மேல கொட்டிருக்கேன்" என்று கண்ணடிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பயிற்சி வகுப்பு வந்தது.

'வேலையில் வெற்றி தரும் பழக்கங்கள்' என்று கேன்டீன் ஹாலில் பேனர் கட்டினார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு. காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள் என்றார். கஷ்டமான வேலையை முதலில் முடியுங்கள் என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, போனைத் தள்ளி வையுங்கள், ஒரு மணி நேரம் உழைத்தால் பத்து நிமிஷம் கண்ணை மூடி ஓய்வெடுங்கள் என்றார்.

"பத்து நிமிசமா!" என்று முத்தம்மா பிரின்சியின் காதைக் கடித்தாள். "நைனா எந்தக் கம்பெனில வேல செய்றாருன்னு கேளேன். நானும் அங்கயே பூட்றேன்."

"கம்முனு இருடி, மேனேஜர் பாக்கறாரு."

"பாக்கட்டும். வெந்நி குடிக்கணுமாமே, காலையில எங்கூட்ல குழாயில காத்துதான் வருது. அத்த குடிச்சிட்டு வரட்டா?"

ஹஸ்னா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜர் பூவராகவன் எழுந்தார். ஒவ்வொரு லைனும் தங்களுக்கே உரிய ஒரு நல்ல பழக்கத்தை அடுத்த வாரம் இதே ஹாலில் வந்து சொல்ல வேண்டும், லைனுக்கு ஒருவர் பேசலாம் என்றார். எந்தப் பழக்கம் கம்பெனி முழுக்கப் பயன்படுகிறதோ அதைச் சொன்னவருக்கு லைன் லீடர் வேலை. பெர்மனெண்ட்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஐந்தாம் லைன் கூடிப் பேசியது. எதைச் சொல்வது என்பதைவிட எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் பேச்சு.

"பொட்டியப் பத்தி யாரும் மூச்சு வுடக் கூடாது" என்றாள் பிரின்சி. "கணக்குல வராத மால் மேசைக்குக் கீழ கீதுன்னு தெரிஞ்சா, அத்த எடுத்துனு பூடுவாங்க. அதோட வுடுவாங்களா? இவ்ளோ மிச்சம் புடிக்க முடியுதுன்னா டார்கெட்ட ஏத்துன்னுவாங்க."

"அப்ப இன்னாதான் சொல்றது?" என்று கேட்டாள் ஹஸ்னா.

"கலர் கலரா ஒயர பிரிச்சு கைக்கு வாட்டமா வெச்சுக்கறோம்ல, அத்த சொன்னா போதும். பொய்யும் இல்ல, பேஜாரும் இல்ல."

"யாரு பேசறது? எனக்கு மைக்கப் பாத்தா தொண்ட அடச்சிக்கும்" என்றாள் முத்தம்மா.

"உனக்கா? அடச்சா எங்களுக்குத்தான் நிம்மதி" என்றாள் பிரின்சி.

சிரிப்பு அடங்கியதும் ஜெனிபர்தான், "நான் பேசறேன்க்கா" என்றாள். எல்லோருக்கும் சம்மதம். படித்தவள், நிறுத்தி நிதானமாகப் பேசக்கூடியவள். பெர்மனெண்ட் அவளுக்கே கிடைத்தாலும் யாருக்கு வயிறு எரியப்போகிறது? நம் பெண்தானே.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் ஆள் குறைந்த பிறகு ஜெனிபர் பிரின்சியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி, "அக்கா, இந்தப் பிடியரிசி எப்டிக்கா ஆரம்பிச்ச? மொதல்லேர்ந்து சொல்லேன்" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா?"

"தெரியும். நீ சொல்லிக் கேக்கணும்னு தோணுது."

பிரின்சி சொன்னாள். தன் மாமியார் முதல்முதலாக அரிசி டப்பாவைக் கையில் கொடுத்ததைச் சொன்னாள். லைனில் ஒரு பெண் பச்சை உடம்போடு வேலைக்கு வந்து மயங்கி விழுந்ததையும், மறுநாள் காலையில் தானே ஒரு பிடியை ஒதுக்கி அவள் தட்டில் போட்டதையும் சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியும் ஒரு பிடி போட ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொண்டே வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கை ரொம்ப மோசமாயிடுச்சாக்கா?"

"சாப்டதுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியறதில்லடி. எங்கூட்டுக்காரர்கிட்டகூட முழுசா சொல்லல. ஆப்ரேசன்னு டாக்டர் சொன்னாரு. பண்ணிக்கினு ஊட்ல குந்திட்டா எடத்துக்கு வேற ஆள் வந்துடும். பொட்டி இருக்கறவரைக்கும் ஓட்டிடலாம்."

ஜெனிபர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கவரைப்பேட்டை வரும்வரைக்கும் நீவிவிட்டாள். பிரின்சிக்குக் கண் சொக்கியது. பெற்ற மகள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஹாலில் முதல் லைன், இரண்டாம் லைன் என்று வரிசையாக வந்து பேசினார்கள். ஒருவர் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம் என்றார். இன்னொருவர் நேரத்துக்கு வருவோம் என்றார், அதற்கு அவர் லைன்காரர்களே சிரித்தார்கள். ஐந்தாம் லைன் முறை வந்தது. ஜெனிபர் தலையை வாரிப் பூ வைத்து, துவைத்த ஓவர்கோட்டில் பளிச்சென்று மேடையேறினாள். முத்தம்மா விசிலடிக்கப் பார்த்தாள்.

"வணக்கம். எங்க லைன்ல ஒயர கலர் வாரியா பிரிச்சு வெச்சுக்கறோம்" என்று ஆரம்பித்தாள் ஜெனிபர். பிரின்சி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆனா அது எல்லாரும் செய்றதுதான். எங்ககிட்ட மட்டும் ஒரு பழக்கம் இருக்கு. எங்க சர்ச்சுல பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாங்க..."

பிரின்சிக்கு முதலில் புரியவில்லை. தவறிச் சொல்லிவிட்டாள், இப்போது சமாளித்துக்கொள்வாள் என்றுதான் காத்திருந்தாள். ஜெனிபர் சமாளிக்கவில்லை. அரிசி டப்பா வந்தது. மயங்கி விழுந்த பெண் வந்தாள். கை நன்றாக ஓடும் நேரம், மிச்சத் தெம்பு, ஏன் என்று கேட்காத சட்டம், எல்லாம் வந்தது. பஸ்ஸில் தான் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாளோ அந்த இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். ஒரே ஒரு வித்தியாசம்தான். பிரின்சி 'நான்' என்று சொன்ன இடத்திலெல்லாம் இவளும் 'நான்' என்றே சொன்னாள்.

அப்புறம் திரையில் ஒரு படம் வந்தது. நீலப் பெட்டி.

காலில் உரசாமல் இருக்க அதன் விளிம்பில் பிரின்சி சுற்றிக் கட்டிய ரோஸ் கரைத் துண்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. போனையெல்லாம் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். யாரோ பெரிய ஆள் அனுமதி கொடுக்காமல் லைனுக்குள் படம் எடுக்க முடியாது. பிரின்சி திரும்பிப் பூவராகவனைப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றைக் கேட்டு வியக்கிறவர் ஆட்டுகிற மாதிரி இல்லை. ஏற்கெனவே கேட்டதை இன்னொரு தரம் கேட்கிறவர் ஆட்டுகிற மாதிரி இருந்தது.

ஹால் முழுக்கக் கை தட்டியது. பிரின்சியின் கைகளும் தட்டின. வலது கை மரத்துப்போயிருந்ததால் தட்டியதே அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாக்கா இது?" என்று ஹஸ்னா அவள் முழங்கையைப் பிடித்தாள். "இவ இன்னாக்கா பண்ணிட்டா?"

விசிலடிக்க மடித்த விரலை முத்தம்மா ஓவர்கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மேசைக்கு அடியில் பெட்டி இல்லை. துண்டை மட்டும் மடித்து பிரின்சியின் நாற்காலியில் வைத்திருந்தார்கள். அந்த வாரமே எல்லா லைன்களுக்கும் டார்கெட் ஏறியது. ஐந்தாம் லைன் பெட்டியில் எவ்வளவு ஒதுக்கியதோ அவ்வளவும் இனிமேல் பலகையில் வர வேண்டும். மற்ற லைன்காரர்கள் கேன்டீனில் இவர்களைப் பார்த்து, "நல்லா பொட்டி வெச்சீங்கம்மா, எங்க வாயிலயும் மண்ண போட்டீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெனிபர் தலையில் லைன் லீடரின் மஞ்சள் தொப்பி ஏறியது. கையில் மார்க்கர், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு.

முதல் நாளே ஹஸ்னாவுக்கு வாந்தி வந்தது. ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது தட்டு அவள் விட்டுப்போன மாதிரியே கிடந்தது. அவளவள் தட்டை நிரப்பவே அவளவளுக்குக் கை போதவில்லை. மணி அடித்ததும் ஜெனிபர் வந்து எண்ணினாள். பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சிவப்பைத் திருப்பி எழுதினாள்.

"எழுது எழுது. கையெழுத்து நல்லாக்கீது" என்றாள் முத்தம்மா.

ஜெனிபர் மார்க்கரை மூடிவிட்டு அடுத்த தட்டை எண்ணப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வெளியே கை கழுவும் குழாயடியில் ஜெனிபரே வந்தாள். பிரின்சி டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. பேசமாட்டியா?"

"போட்டோ எப்ப புடிச்ச?"

ஜெனிபர் இதை எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "நீங்கல்லாம் சாப்பட போனப்ப. சார்தான் போன் எடுத்துனு வரச் சொன்னாரு."

"பஸ்ல என் தோள்ல சாஞ்சிக்கினு கத கேட்டியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடித்தது.

"முன்னாடி" என்றாள் ஜெனிபர்.

பிரின்சி மறுபடியும் டிபன் பாக்ஸைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"நீ கோவப்படுவ, தெரியும்" என்றாள் ஜெனிபர். குரல் உயர்ந்தது. "ஆனா ஒருத்தர் பேர்கூட நான் சொல்லல, பாத்தியா? உன் பேர சொல்லியிருந்தா உன்னத்தான கூப்ட்டுத் திட்டுவாங்க. அதான் நான்னு சொன்னேன். எனக்கும் ஒரு புள்ள கீதுக்கா. அவங்கப்பன் திரும்பி வரப்போறதில்ல. நீ வேல வாங்கிக் குடுத்த, இல்லன்னு சொல்லல. அதுக்காக நீ குந்தியிருக்கற எடத்துலயே நானும் கெழவியாவற வரைக்கும் குந்தியிருக்கணுமா?"

"மேல ஏறாதன்னு நான் சொன்னனாடி? ஏறு. உனக்குக் கெடச்சிருந்தா கேக் வாங்கினு வந்து ஊட்டியிருப்பேன். கால வெச்சு ஏற எங்க பொட்டிதான் கெடச்சுதா உனக்கு?"

"நல்ல பழக்கம்தானக்கா. எல்லாருக்கும் தெரியட்டுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி. போய்ப் பாரு, ஹஸ்னா பேருக்கு நேரா செவப்பா கீது." பிரின்சி குழாயை மூடினாள். அதற்கே இடது கை தேவைப்பட்டது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் கையப் பத்தி எதுனா சொன்னியா?"

"சே! அத்தப் போய்ச் சொல்வனா? கர்த்தர் மேல ஆணையா சொல்லலக்கா."

பிரின்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அத்தனைக்கும் பிறகும் நம்பினாள். நம்புவது அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பூவராகவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த வாரத்தில் அவள் பெயருக்கு நேரே மதிய மணிகள் எல்லாம் சிவப்பாகவே இருந்தன. அவர் கோபமாக இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

பிரின்சி வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "எந்தக் கை சார்?"

"மறைக்காதீங்கம்மா. ஜெனிபர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மொத மொத இந்த ஐடியாவ எடுத்துக்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னாங்க." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு நல்ல விஷயத்தை நினைவுபடுத்திச் சொல்பவர் போல் இருந்தது குரல். "கை முடியாத ஒரு அக்காவையே இந்தப் பழக்கம் டார்கெட் எடுக்க வைக்குதுன்னா, நல்லா இருக்கிறவங்க எவ்வளவு எடுப்பாங்க சார்னு கேட்டாங்க. சரியான பாயிண்ட். நானே அப்படி யோசிக்கல."

பிரின்சி மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். பஸ்ஸில் அதை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிய விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்த விரல்கள் நீவும்போதே, இந்தக் கையை என்ன விலைக்குப் போட்டோம் என்று ஜெனிபருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நீவினாள். ஊர் வரும்வரைக்கும் நிறுத்தாமல் நீவினாள்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் பூவராகவன். "லைன் வேலை இனிமே உங்களுக்கு ஒத்துவராது. பின்னாடி கேட் பக்கத்துல ஸ்கிராப் ஷெட் இருக்கு. வேஸ்ட் ஒயரோட தோலை உரிச்சுப் போடணும். டார்கெட் கெடயாது, பலகை கெடயாது. வேற கான்ட்ராக்டர், பேசிட்டேன். திங்கட்கிழமைலேர்ந்து அங்க போயிடுங்க."

ஒயர் தோலை உரிக்கவும் அதே கட்டைவிரலும் அதே நடுவிரலும்தான் வேண்டும். அவருக்கு அது தெரிந்திருக்காது. பிரின்சி சொல்லவும் இல்லை. இனிமேல் தன் கையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதாக இல்லை அவள்.

"சரி சார்" என்று எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை லைனில் கடைசி நாள். போகும்போது முத்தம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஷெட்டுக்கு வெந்நி எடுத்துனு போ, கண்ண மூடிக் குந்து. வெற்றி வந்துடும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். ஹஸ்னா மடித்திருந்த ரோஸ் கரைத் துண்டைப் பிரின்சியின் பையில் வைத்தாள். மஞ்சள் தொப்பி பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது பிரின்சி சமையலறையில் அரிசி டப்பாவை எடுத்தாள். கனமே இல்லை. திறந்து பார்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று குருணை தவிர ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுக்க உலை வைத்திருக்கிறாள், அரிசி களைந்திருக்கிறாள், ஒருநாள்கூடப் பிடி எடுத்து வைக்கவில்லை. மறந்தாளா, கை வரவில்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கணவன் எட்வர்ட் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, "நேரமாவுது, வா" என்றான். இப்போதும் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் டப்பாவோடு வாசலில் வரிசையில் நின்றார்கள். வழக்கம்போலச் சாக்கின் வாயைப் பிரின்சி விரித்துப் பிடித்தாள். வலது கை எப்போது நழுவுமோ என்று சாக்கின் விளிம்பை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாகக் கொட்டிவிட்டு, தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜெனிபர் வந்தாள். அம்மாவும் பிள்ளையும் வேப்பமரத்தடியில் நிற்க, தான் மட்டும் டப்பாவோடு வந்தாள். டப்பா நிறைய, மூடி அழுந்தாத அளவுக்கு அரிசி. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் கண்ணடிப்பாள். இன்றைக்கு மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, கொட்டாமல் நின்றாள்.

"உன் டப்பா எங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வாரம் எடுத்து வெக்கல."

ஜெனிபரின் உதடு கோணியது. "அக்கா, ஷெட்டுன்னு அவரு முடிவு பண்ணுவாருன்னு எனக்கு நெசமா தெரியாதுக்கா. எதுனா திட்டேன். ரெண்டு அடி வேணா அடி. இப்டி ஒண்ணுமே பேசாம நிக்காத."

பிரின்சி சாக்கின் வாயை இன்னும் கொஞ்சம் அகல விரித்தாள்.

"கொட்டு" என்றாள். "பின்னாடி ஆள் நிக்குது."

ஜெனிபர் கொட்டினாள். பிரின்சி சாக்குக்குள் பார்க்கவில்லை. ஜெனிபரையும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் டப்பாவோடு நின்றிருந்தவளைப் பார்த்து, "வாம்மா" என்றாள்.